தடுப்பின் இரு பக்கம்

தனலட்சுமியின் சுவிட்சை அழுத்தினேன். அவருடைய பல்பு எரியவில்லை. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கணவரின் பல்பு எரிந்தது.

"எரியுது சார்! எரியுது!" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து ராஜவேல் கத்தினார். அவர் தன் சுவிட்சைத் தொடவே இல்லை.

கடலூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பிரிவுப் பயிற்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயர்மேன்களுக்கான கம்பியாள் தகுதித் தேர்வுக்கு இன்னும் தேர்வாளராகக் கூப்பிடுகிறார்கள். முன்பெல்லாம் பயிற்சி வகுப்புச் சான்று இருந்தால்தான் இந்தத் தேர்வுக்குள் நுழைய முடியும். பிறகு விதியைத் திருத்தினார்கள். தொழிலில் அனுபவம் இருந்தால் போதும், நேராகச் செய்முறைத் தேர்வுக்கு வரலாம் என்றார்கள். அப்படி வந்த முதல் குழுவில் சிதம்பரத்திலிருந்து இந்தத் தம்பதியும் இருந்தார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் சேர்ந்தே வீடுகளுக்கு வயரிங் செய்கிறார்கள்.

திருவந்திபுரத்தில் புதிதாகக் கட்டும் கல்யாண மண்டபத்தின் வயரிங் வேலை அவர்களுக்குக் கிடைப்பதாக இருந்தது. கான்ட்ராக்டர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "ரெண்டு பேருக்கும் சர்ட்டிபிகேட் வேணும். ஒருத்தருக்கு இல்லன்னாலும் ரெண்டு பேருமே வேணாம்." இதைக் காலையிலேயே தனலட்சுமி என்னிடம் சொல்லியிருந்தார். சிபாரிசாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

அன்றைய வேலை மாடிப்படி வயரிங். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் ஒரே விளக்கு. எதை அழுத்தினாலும் எரிய வேண்டும், எதை அழுத்தினாலும் அணைய வேண்டும். ஹாலில் தடுப்பின் இரு பக்கமும் போர்டுகள். தடுப்பில் பழைய பயிற்சிகளுக்குப் போட்ட ஓட்டைகள் அப்படியே கிடந்தன. விண்ணப்ப எண் வரிசைப்படி எல்லோரையும் நிறுத்தினேன். கணவனும் மனைவியும் ஒரே தடுப்பின் இரண்டு பக்கம் வந்துவிட்டார்கள்.

சென்னையிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் ஞானராஜ் தன் டேப்லெட்டைப் பார்த்தபடி நின்றார்.

"பல்பு எரியுதான்னு கேக்குது சார். என்ன போடறது?"

"எரியலன்னு போடுங்க."

"இவங்க போட்ட வயரிங்ல பல்பு எரியுதே. வேற எடத்துல எரியுதுன்னு போட ஆப்ஷன் இல்ல சார்."

நான் தனலட்சுமியைப் பார்த்தேன்.

"நான் வயர ஓட்டையில தள்ளுனேன் சார். அவரு இழுத்துட்டாரு."

"வயரு தலைய நீட்டுச்சி. இழுக்காம எப்படி சார் இருக்கறது?" என்றார் ராஜவேல்.

"பரீட்சைன்னு நெனப்பே இல்லயா மாமா?"

"நீ ஏன்டி தள்ளுன?"

ராஜவேலின் சுவிட்சையும் அழுத்திப் பார்த்தேன். இந்தப் பக்கம் தனலட்சுமியின் பல்பு எரிந்தது. வாய் திறக்காமல் வேலை செய்து, ஒருவர் சுவிட்சில் மற்றவர் விளக்கை எரிய வைத்திருந்தார்கள். வேலையில் ஒரு பிசிறு இல்லை. ஹால் முழுக்கச் சிரித்தது.

"சரி. தனலட்சுமி போர்டுல மெயினை ஆஃப் பண்ணிட்டு ஒருத்தன் அவங்க ஹோல்டர்ல கை வெக்கிறான். என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "இவரு போர்டுலேருந்து கரண்ட் வரும். ஆளு போயிடுவான்," என்றார் தனலட்சுமி மெதுவாக.

இருவர் வேகத்தில் செய்ததால் தேர்வு நேரத்தில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. நேரம் மிச்சமிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி செய்ய விதியில் இடமுண்டு. ஹாலின் எதிரெதிர் மூலைகளில் இருந்த இரண்டு போர்டுகளுக்கு அவர்களை அனுப்பினேன்.

தனலட்சுமி ஒரு தடவை தலையைச் சொறிந்துவிட்டு வேலையில் இறங்கினார். எரிந்தது. அணைந்தது. ஞானராஜ் நிம்மதியாக டேப்லெட்டைத் தட்டினார்.

ராஜவேல் மேல் சுவிட்சுக்குப் போகும் நீளமான பைப்புக்குள் வயரைத் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். மறுமுனையில் யாரும் இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். பைப்பின் வாயைக் குனிந்து பார்த்தார். எதிர் மூலையில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தனலட்சுமியின் பார்வையில் சிரிப்பு போய் பயம் வந்திருந்தது.

அதன் பிறகு நடந்தது போல் என் பணிக்காலத்தில் நான் ஒன்றும் பார்த்ததில்லை. ராஜவேல் இந்த முனையில் தள்ளினார், அந்த முனைக்கு ஓடினார், இழுத்தார், திரும்பி ஓடி வந்தார்.

"வந்துடுச்சா?" என்றார் தன் குரலில். அங்கே ஓடிப்போய், "வந்துடுச்சி மாமா, இன்னும் கொஞ்சம் வுடு," என்றார் மனைவியின் குரலில்.

ஞானராஜ் விரைந்து போனார். "ஹால்ல பேசக் கூடாது!"

"நான் யாருகிட்டயும் பேசலயே சார். எனக்கு நானே சொல்லிக்கிறேன்."

ஞானராஜ் என்னைப் பார்த்தார். "மத்த தேர்வரோட பேசக் கூடாதுன்னுதான் விதி," என்றேன். தேர்வாளர் சிரிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இடையில் ராஜவேல் தன்னோடு தானே சண்டையும் போட்டார். "செவப்பு எங்க?" "உன் கையிலதான் இருக்கு மாமா, கண்ணத் தொறந்து பாரு!" இதைக் கேட்டு அசல் தனலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மணியடிக்கச் சற்று முன் ராஜவேலின் சுவிட்சை அழுத்தினேன். அவர் பல்பு, அவர் போர்டில், எரிந்தது. மற்ற தேர்வர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

போகும்போது தனலட்சுமி கேட்டார். "மண்டபத்துலயும் தனித்தனியாதான் செய்யணுமா சார்?"

"சேர்ந்தே செய்யுங்கம்மா. ஒரு போர்டு கரண்ட் இன்னொண்ணுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்."

புது முறை எப்படி இருக்கிறது என்று துறையிலிருந்து கருத்துக் கேட்டார்கள். முறை நல்லது என்று எழுதினேன். எத்தனை வருட அனுபவம் என்று விண்ணப்பத்தில் கேட்கிறோம், யாரோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் என்றும் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். நான் கற்றது அதுதான்.

அடுத்த குழுவுக்குப் பண்ருட்டியிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். ஒரே கடை, ஒரே வண்டி, சேர்ந்தே வேலை என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது. நான் உஷாராகி ஆளுக்கொரு மூலையைக் காட்டினேன்.

"எதுக்கு சார் அவ்ளோ தூரம்?" என்றார் அண்ணன். "பாகம் பிரிச்ச நாள்லேருந்து நாங்க மூஞ்சி குடுத்துப் பேசறதே இல்ல."

ஒரே தடுப்பின் இரண்டு பக்கம் நிறுத்தினேன். ஒரு வயர்கூடத் தாண்டவில்லை.