காப்புக் கட்டிய வாரத்தில் வீடு மாறினோம்

நாமக்கல்லில் எங்கள் ஏரியாவுக்கும் பக்கத்து ஏரியாவுக்கும் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது. ஓடை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மழை பெய்தால் நாலு நாள் தண்ணீர் போகும், மற்ற நாளெல்லாம் பிளாஸ்டிக் கவர் கிடக்கும். அதன்மேல் ஒரு சின்னப் பாலம். லாரி ஒன்று ஏறிவிட்டால் எதிரே சைக்கிள்கூட ஒதுங்க முடியாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். இத்தனூண்டு பாலத்தை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அடித்துக்கொண்ட பெருமையைப் பார்த்தால் வெளியாள் சிரித்துவிட்டுப் போவான்.

எங்கள் பக்கம் முழுக்க லாரிப் பட்டறை. பாடி கட்டுகிறவர், வெல்டிங் வைக்கிறவர், பெயிண்ட் அடிக்கிறவர், தார்ப்பாய் தைக்கிறவர் என்று தெருவே சத்தமாக இருக்கும். காஷ்மீரில் ஓடுகிற லாரிகூட எங்கள் தெருவில் நின்றுவிட்டுப் போனதுதான் என்று பேசிக்கொள்வோம். அந்தப் பக்கம் கோழிப்பண்ணைகள். காற்று திரும்பினால் வாசம் என் அடுப்படிவரை வரும், கூடவே ஈயும் வரும். அந்த ஏரியாவுக்கு நாங்கள் வைத்த பெயர் ஈக்காடு. அவர்களும் சளைத்தவர்களில்லை. கிரீஸும் புகையுமாகத் திரிகிற கூட்டம் என்று எங்களைக் கரிச்சட்டி என்பார்கள். நாமகிரிப்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு வருஷம் ஆவதற்குள் நானே முதல் ஆளாக மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைப் பார்த்து முறைக்க ஆரம்பித்துவிட்டேன். வந்த மருமகளுக்குத்தான் ஊர்ப் பெருமை ஒரு படி தூக்கலாக இருக்கும் போலிருக்கிறது.

அப்புறம் பட்டறைகள் ஒவ்வொன்றாகப் பைபாஸ் பக்கம் போய்விட்டன. காலியான இடத்தில் கோச்சிங் சென்டர்கள் வந்தன. பிள்ளையை டாக்டராக்க வேண்டும் என்று எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ வந்தார்கள். ஹாஸ்டலில் விட மனசில்லாத அம்மாக்கள் கூடவே வந்து வீடு எடுத்துத் தங்கினார்கள். பிள்ளையின் படிப்பு முடிகிறவரைக்கும்தானே என்று கேட்ட வாடகையைக் கொடுத்தார்கள். டீக்கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை வந்தது. வெல்டிங் பட்டறை இருந்த இடத்தில் ஜிம் வந்தது. நான் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள். அந்த அம்மாக்கள்தான் என் பெரிய வாடிக்கை. அவர்களால் என் மாவும் ஓடியது, தெருவின் வாடகையும் ஏறியது. ஆகவே அவர்களைத் திட்ட எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை.

நாங்கள் இருந்தது லைன் வீடு. என் கணவர் பிறந்ததே அதில்தான். ஓனர் இருந்தவரை எங்களை எதுவும் சொல்லவில்லை. அவர் காலமான பிறகு, கோயமுத்தூரில் இருக்கும் மகன் வந்து, லைன் வீடுகளை இடித்துவிட்டுச் சின்னச் சின்ன ஃபிளாட் கட்டப் போவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, பக்குவமாகத்தான் சொன்னார். எங்கள் பக்கத்திலேயே வேறு வீடு தேடினோம். ஓரிடத்தில் வாடகையைச் சொன்னதும் என் கணவர், "வருசத்துக்குங்களா?" என்று கேட்டுவிட்டார். லாரிக்கு ஒயரிங் பார்க்கிற எலக்ட்ரீசியன் அவர், பொய்யாகக் கேட்கத் தெரியாது. அந்த வீட்டம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியில் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் வீடு அமைந்தது. பண்ணைகளெல்லாம் ஊருக்கு வெளியே தள்ளிப் போய், அங்கேயும் மனை பிரித்து வீடுகள் எழும்பியிருந்தன. கிரைண்டர் போட நல்ல இடம், தாராளமான தண்ணீர், எங்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகை. வீட்டுக்காரம்மாவுக்கு என் வயசு. முட்டை வியாபாரம் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார், சொன்னோம். "கரிச்சட்டிங்களா?" என்று சிரித்தார். என் வாய் நுனிவரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன், வீடு வேண்டுமே. திங்கட்கிழமை நல்ல நேரத்தில் பால் காய்ச்சினோம். வியாழக்கிழமை சாமான்களோடு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

நான் செய்த கூத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, சித்திரையில் வரும். கோயில் முன்னால் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், கம்பத்தைப் பிடுங்குகிறவரை ஊர்க்காரர் யாரும் வேறு ஊரில் இரவு தங்கக் கூடாது. எங்கே போனாலும் பொழுது சாய்ந்தால் திரும்பிவிட வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கமும் எங்களுக்கு வேறு ஊர்தான். வாழப்பாடியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறியவள் நான். அந்த வருஷம் நோம்பியும் கோச்சிங் பிள்ளைகளின் பரீட்சையும் ஒரே வாரத்தில் விழுந்தன. மாவு வாங்க வந்த ஓர் அம்மா, மைக் செட்டை நினைத்து அழாத குறையாகப் புலம்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய், நோம்பியை ஒரு வாரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சண்டை போட்டேன். நம் பிள்ளைகளெல்லாம் இந்தச் சத்தத்தில் படிக்கவில்லையா என்றார்கள். படித்தார்கள், அதனால்தான் எல்லார் கையிலும் ஸ்பானர் இருக்கிறது என்றேன். கூட்டமே சிரித்துவிட்டது. ஒரு வாரம் முன்னால் வைத்தார்கள். ஜெயித்த மிதப்பில் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுகிற மேளம் கேட்டபோதுதான் என் தலையில் உறைத்தது. வியாழக்கிழமை நாங்கள் ஊரைவிட்டுப் போகிறோம்.

என் கணவர் ஓனர் மகனுக்குப் போன் போட்டார். அவர் பாவம், இடிக்கிற ஆளுக்கும் வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது, ஒரு நாளும் தள்ள முடியாது என்றார். சாமானை அங்கே இறக்கிவிட்டு, இரவு மட்டும் இங்கே யார் வீட்டிலாவது படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அக்கம்பக்கத்தில் பாய் போட்டுத் தர எல்லோரும் தயார். ஆனால் புது வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் சுண்டிவிட்டது. "பால் காச்சுன ஊட்ட நாள்கணக்குல ஆளில்லாம இருட்டுல போட்டு வெக்கக் கூடாதுங்க. அப்படித்தான்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. போகக் கூடாது என்கிறது ஒரு பக்கம், வராமல் இருக்கக் கூடாது என்கிறது இன்னொரு பக்கம்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவருக்கு ஒருமுறை அம்மை போட்டு, வேப்பிலைமேல் கிடந்து, பேச்சு மூச்சில்லாமல் போனபோது, அந்தக் கோயில் வாசலில்தான் ஈரச் சேலையோடு விழுந்து கிடந்தேன். ஆத்தாதான் அவரைத் திருப்பிக் கொடுத்தாள் என்று நான் நம்புகிறேன். யார் சிரித்தாலும் எனக்கு அக்கறையில்லை. அவளை மீறிக்கொண்டு ஒரு புது வீட்டில் எப்படிப் படுப்பது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. காப்பை மீறிப் பாலத்தைத் தாண்டிவிட்டால், அதோடு நீங்கள் இந்த ஊர் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

புதன்கிழமை பொழுது சாய, கோயில் தகரக் கொட்டகையில் கமிட்டி கூடியது. என் கணவர் விஷயத்தைச் சொன்னார். கோச்சிங் வந்ததிலிருந்தே ஊர்க் கட்டு அவிழ்ந்து போயிற்று என்று ஒருவர் முனகினார். கமிட்டித் தலைவர் லேத் பட்டறைக்காரர், என் கணவரோடு சின்ன வயசில் கில்லி விளையாடியவர், அவரைவிட இளையவர். அவர் எழுந்து நின்று பேசினார்.

"நம்ம ஊர்ப் பொண்ணுங்களக் கட்டிக் குடுத்துருக்கறமே, காப்புக் கட்டுனா அதுங்க இங்கயே வந்தா படுத்துக்குதுங்க? நோம்பிக்கு வருதுங்க, மாவெளக்கு எடுக்குதுங்க, அதுங்க ஊட்டுக்குப் போகுதுங்க. ஆத்தா கோவிச்சுக்கறாளா? இவங்கள நாம காலி பண்ணி அனுப்பலீங்க. பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்பறோம்."

அதெப்படி, இந்தம்மா ஊருக்கு மருமகள்தானே, இங்கே பிறந்தது இவர் புருஷன்தானே என்று ஒருவர் சட்டம் பேசினார். அப்படியானால் இன்றிலிருந்து அவர் மாப்பிள்ளை என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கொட்டகையே குலுங்கியது. "பொறந்த ஊர்லயே என்னைய மாப்ளையாக்கிப் போட்டீங்களேடா" என்று என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பெண் கொடுப்பதென்றால் அந்தப் பக்கமும் சம்மதிக்க வேண்டுமே. மறுநாள் காலையில் தலைவரும் கமிட்டியில் சிலரும் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டோடு பாலத்தைத் தாண்டினார்கள். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் கமிட்டி தட்டோடு அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரம்மா முதலில் மிரண்டுபோய், பிறகு விஷயம் புரிந்ததும் அக்கம்பக்கத்தில் பெரியவர்களைக் கூப்பிட்டு, பாய் விரித்து உட்காரவைத்தார். கூடவே போயிருந்த நான் பெண்பார்க்க வந்த வீட்டுப் பெண்ணைப் போலக் கதவுக்குப் பின்னால் நின்றேன், ஐம்பது தாண்டிய பெண். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஈ மொய்க்கிற ஊருக்குப் பெண் கொடுக்கிறோம், நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். வீட்டுக்காரம்மா அசரவில்லை.

"கரி புடிச்ச பொண்ணா இருந்தாலும் பரவால்லைங்க. நாங்க தேச்சுக் குளுப்பாட்டி வெச்சுக்கறோம்."

முதலில் சிரித்தது தலைவர்தான். பிறகு அந்தம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். பொழுதானால் அந்த வீட்டில் விளக்கு எரிய வேண்டும், அது ஒன்றுதான் தான் கேட்பது என்றார். எரியும் என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன்.

அன்று பகல் குட்டியானை வண்டியில் சாமான் ஏறியது. கிரைண்டரைப் பட்டறைப் பையன்கள் தூக்கினார்கள். கோச்சிங் அம்மாக்கள் ஆளுக்கொரு பாத்திரமாக எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். ஊரார் எனக்குக் கண் கலங்கி விடைகொடுப்பதைப் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு என்று சொன்னதும் அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வண்டி பாலத்தில் ஏறியபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கி ஓடியிருப்பேன்.

கட்டிக் கொடுத்த பெண்கள் மாவிளக்கு அன்றைக்குத் தட்டோடு வந்தால், ஊர் எல்லையில் மேளத்தோடு நின்று கூட்டிப்போவது எங்கள் வழக்கம். எனக்கும் அப்படித்தான் என்று கமிட்டியில் பேசியிருந்தார்கள். பேசுவது வேறு. அன்றைக்குக் கோயிலில் ஆளுக்கு ஆயிரம் வேலை இருக்கும், வாடகைக்கு இருந்துவிட்டுப் போனவளுக்காக யார் வந்து நிற்பார்கள்? சத்தமில்லாமல் போய் விளக்கை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று என் கணவரிடம் சொன்னேன். அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டேன். தட்டோடு வாசலுக்கு வந்தால், தெருவில் மேளக்காரர்கள் நிற்கிறார்கள். அந்தப் பக்கத்து மேளம். பின்னால் அந்தத் தெருப் பெண்கள் பூ வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். "எங்க ஊட்லருந்து ஒரு பொண்ணு பொறந்த ஊட்டுக்கு நோம்பிக்குப் போறா. மேளமில்லாம அனுப்புனா கரிச்சட்டிங்க எங்களப் பத்தி என்னங்க நெனைப்பாங்க?" என்றார் வீட்டுக்காரம்மா.

பாலத்தை நெருங்கினால், எதிரே எங்கள் பக்கத்து மேளம் நின்றுகொண்டிருந்தது. தலைவர் முன்னால் நின்றார், பின்னால் தெருவே நின்றது. இரண்டு மேளமும் பாலத்தில் ஏறின. விருந்தாளி மேளம்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்று இவர்கள் நினைத்தார்கள். எங்கள் பெண்ணை நாங்கள்தானே அழைத்து வந்தோம் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆகவே இரண்டும் நிற்கவில்லை. அந்தச் சின்னப் பாலத்தில் காது கிழிகிற மாதிரி அடித்துத் தள்ளினார்கள். பரீட்சை அடுத்த வாரம்தான் என்று நினைத்து ஆறுதலாக இருந்தது.

ஒருவழியாக அடங்கியபோது தலைவர் ஒரு தட்டை நீட்டினார். தட்டில் மஞ்சள், குங்குமம், ஒரு பச்சைச் சேலை. என் அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. நாமகிரிப்பேட்டையில் எனக்கென்று திறக்கிற கதவு எதுவும் கிடையாது. நோம்பிக்கு மற்றப் பெண்கள் பிறந்த வீட்டுச் சேலை கட்டிவரும்போது, என் சேலையை நானே கடையில் எடுத்துக்கொள்வேன், யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இத்தனை வருஷமும் என்னை அண்ணி என்றே கூப்பிட்டவர் அவர்.

"பொறந்த ஊட்டுச் சீலைங்க அக்கா. வாங்கிக்கங்க."

என் இரண்டு கையிலும் விளக்குத் தட்டு இருந்தது. வீட்டுக்காரம்மா முன்னால் வந்து, திரி அணையாமல் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். நான் சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அழுதேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நன்றாகவே அழுதேன். நேரமாகிறது, ஆத்தா காத்திருக்கிறாள் என்று சொல்லி வீட்டுக்காரம்மா விளக்கோடு முன்னால் நடந்தார். என் கணவர் பிறந்த தெருவுக்குள் அன்றைக்கு நான் மகளாக நடந்து போனேன்.