கியர்பெட்டிக்கு விரல் பிடித்த கதை

ஓட்டோமற்றிக் கியர்பெட்டி ஒன்றை விற்றால் உடுப்பிட்டியில் இரண்டு பரப்புக் காணி வாங்கலாம் என்று நான் ஒருகாலத்தில் நம்பியிருந்தேன். நம்பினது மட்டுமல்ல, எந்தக் காணி என்றும் பார்த்து வைத்திருந்தேன். நல்ல தண்ணீர்க் கிணறும் ஒரு பலாவும் நின்ற காணி. கிணற்றுக் கப்பி சத்தம் போடுகிறது, வாங்கினவுடன் எண்ணெய் விடவேண்டும் என்றுகூட யோசித்திருந்தேன்.

காரணம் இல்லாமல் நம்பவில்லை. மாமாவின், அதாவது என் மனைவியின் தகப்பனாரின், காரைப் போல ஒன்று வடமராட்சியிலேயே கிடையாது. இங்கிலாந்தில் செய்த பழைய கார். மாமா கொழும்பில் உத்தியோகமாக இருந்த நாளில் ஒரு டொக்டரிடம் வாங்கி, ஊர்வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு வந்தது. அதற்குக் கிளச் இல்லை. கியர் தானாக விழும். மாமா ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "பாத்தீரோ, நான் ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்லிக்கொண்டு ஓட்டுவார். தானாக வேலை செய்கிற பெட்டி என்றால் உள்ளே மூளை மாதிரி ஏதோ இருக்க வேண்டும், மூளைக்கு எப்போதும் விலை கூட. இதுதான் என் கணக்கு. சங்கக் கடையில் மனேச்சராக இருந்த ஒருவனுடைய கணக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது, போரும் பொருளாதாரத் தடையுமான காலம். பெற்றோல் வராது, பற்றரி வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் நாலு சொட்டு விட்டு, பின்னால் ஆட்கள் நின்று தள்ள, ஓட்டுகிறவர் கிளச்சை மெல்ல விட, கார் ஒரு இருமல் இருமி எழும்பி, கறுப்புப் புகையைத் தள்ளினவர்களின் முகத்தில் கக்கிவிட்டுப் போகும். குடாநாட்டுக் கார்கள் எல்லாம் அப்படித்தான் உயிர் பிழைத்தன. எங்களுடையது மட்டும் எழும்பவில்லை. கிளச் இல்லாத அந்தக் காரைத் தள்ளி ஸ்ராட் பண்ண முடியாது. இதை நாங்கள் ஒழுங்கையின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குத் தள்ளிக் கண்டுபிடித்தோம். மாமா உள்ளே இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து நாரியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உப்பிடியே தள்ளினால் மந்திகைக்கே போயிடலாம்" என்றார்.

மந்திகையில்தான் ஆஸ்பத்திரி. அவர் சும்மா சொல்லவில்லை. என் மனைவிக்கு எட்டு மாதம் முடிகிற நேரம், தலைப்பிள்ளை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனதை அவள் வாசல் படலையில் நின்று பார்த்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் சைக்கிளிலை போகமாட்டன்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கடை சைக்கிளிலை எண்டால் சும்மாவும் ஏறமாட்டன்" என்றாள்.

ஆகவே காருக்குச் சாதாரணக் கியர்பெட்டி போடுவது என்று முடிவாயிற்று. கொழும்புத்துறையில் கராச் வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் அதே மொடல் கார் ஒன்று முன்பக்கம் நசிந்து கிடந்தது. அதன் கியர்பெட்டி, கிளச், பெடல் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. எங்கள் பெட்டியைக் கொண்டுவந்தால் தன்னுடையதைத் தரத் தயார், விலை வித்தியாசத்தைப் பார்த்துப் பேசலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். வித்தியாசம் எங்கள் பக்கம்தான் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கேதான் என் இரண்டு பரப்பு இருந்தது.

ஆனால் ஓட்டோமற்றிக் பெட்டிக்கு என்ன விலை? குடாநாட்டில் யாரும் விற்றதுமில்லை, வாங்கினதுமில்லை. மாமாவுக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, வர ஏலாது. அவர் என்னை அனுப்பினார். என்னை மட்டும் நம்பி அனுப்புகிற அளவுக்கு அவர் மோசமான ஆள் இல்லை. ஊரில் மாட்டுத் தரகர் ஒருவரையும் சேர்த்து அனுப்பினார்.

"மாமா, அவருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அதுதான் நல்லது. தெரிஞ்சவன் சாமானிலை மயங்குவான். தெரியாதவன் ஆளின்ரை முகத்தைப் பாப்பான். நீர் வாயைத் திறவாமல் நிண்டால் போதும்."

வெங்காயம் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போன லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில், மூட்டைகளுக்கு நடுவில், கயிற்றால் வரிந்து கட்டிய கியர்பெட்டியும் தரகரும் போனார்கள். நான் பின்னால் சைக்கிளில். வல்லைவெளிக் காற்று எதிரே அடித்தது. தரகர் வழி முழுக்க அந்தப் பெட்டியின் முதுகில் கைவைத்துக்கொண்டே இருந்தார். அது துள்ளிக் குதித்து ஓடிவிடும் என்று நினைத்தாரோ தெரியாது.

கராச்சில் இறக்கியதும் அவர் பெட்டியை ஒருதரம் சுற்றி வந்தார். உள்ளங்கையால் தட்டினார். குனிந்து வாய்ப்பக்கமாகப் பார்த்தார்.

"பல்லெல்லாம் இருக்கோ?"

"இருக்கும் அண்ணை" என்று மெக்கானிக் சிரித்தார். "உது குத்தாது, பயப்பிடாதையுங்கோ."

தரகர் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து உதறினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது, உவர் இதையும் மாடு மாதிரித்தான் பேசப்போகிறார் என்று. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வது வழக்கமில்லை. சால்வையால் இரண்டு பேரின் கையையும் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிடிக்கிற விரல்தான் தொகை. ஒரு விரலுக்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மாட்டைப் பார்த்தாலே எல்லாருக்கும் தெரியும்.

மாட்டைப் பார்த்தால் தெரியும். கியர்பெட்டியைப் பார்த்தால்?

அதைக் கேட்க வாய் உன்னியது. மாமாவின் முகம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

தரகர் முதலில் மெக்கானிக்கின் கையைப் பிடித்தார். சால்வைக்குள் ஏதோ நெளிந்தது. பிறகு என்னிடம் வந்தார். என்னுடைய மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தார். மூன்று! மூன்று ஆயிரமோ, முப்பதாயிரமோ? நான் எல்லாம் தெரிந்த பேய்க்காய் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவருடைய கையில் ஐந்து விரலையும் அழுத்தினேன். அவருடைய ஒரு புருவம் ஏறியது. போனார், வந்தார். இந்த முறை என் உள்ளங்கையைத் தடவி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார். எனக்கு உள்ளங்கையில் சரியான கூச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எல்லா விரலையும் மடக்கி, கையைப் பொத்தி, ஒரு அழுத்து அழுத்தி, "சரியோ?" என்றார். கையை விட்டால் போதும் என்று தலையாட்டினேன்.

"முடிஞ்சுது" என்றார் தரகர். மெக்கானிக்கும் தலையாட்டினார். எல்லாரும் திருப்தியாக இருந்தார்கள், என்னைத் தவிர. பொத்தின கை என்றால் எவ்வளவு?

தரகர் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து என் கையில் தந்தார். "விக்கிறவன் கயிறு குடுக்கக் கூடாது தம்பி. குடுத்தால் பட்டியிலை மாடு நிலைக்காது."

"எங்களிட்டைப் பட்டி இல்லையே அண்ணை."

"மனிசிமார் பிள்ளை பெறுற வீடுதானே. கொண்டுபோம்."

மெக்கானிக் அடுத்தநாள் சாமான்களோடு உடுப்பிட்டிக்கு வந்து பூட்டித் தருவதாகச் சொன்னார். தரகர் அன்றிரவு யாழ்ப்பாணத்தில் தங்கி, காலையில் அவரோடு வருவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். நான் கயிற்றை ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கல்வியங்காடு தாண்டும்போது பொத்தின கை என்றால் பத்து என்று தோன்றியது. நல்ல விலை. கோப்பாய் வரும்போது, ஏன் பொத்தவேண்டும், பத்துக்கு இரண்டு கையும் விரிக்கலாமே என்று தோன்றியது. நீர்வேலியில் வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு மிதித்தபோது வேறொரு யோசனை வந்தது. பொத்தின கை என்றால் "உன் கையைத் திறந்து கொட்டு" என்று அர்த்தமாக இருந்தால்? முதலில் பிடித்த மூன்று விரல் அவர்கள் தரப்போவதல்ல, நாங்கள் கொடுக்க வேண்டியதாக இருந்தால்? அதற்கு நான் ஐந்து விரலை அழுத்தினேனே! மூன்று கேட்டவனுக்கு ஐந்து தருகிறேன் என்ற ஒரே விசரன் நானாகத்தான் இருப்பேன். தரகரின் புருவம் சும்மாவா ஏறியது? வல்லைவெளியில் காற்று இப்போது முதுகில் தள்ளியது. ஆனால் வீடு கிட்டக் கிட்ட நான்தான் பிரேக் பிடித்தேன்.

"என்னவாம் தம்பி?" என்றார் மாமா, படுக்கையில் இருந்தபடி.

"முடிஞ்சுது மாமா."

"எவ்வளவுக்கு?"

"தரகர் நாளைக்கு வந்து தன்ரை வாயாலை சொல்லுறாராம்."

"அவன் வாயாலை சொல்லமாட்டானே" என்றார் மாமா. நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மனைவிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது என் கண் அவளுடைய காப்புகளில் நின்றதை அவள் கண்டுகொண்டாள்.

"என்ன, என்ரை காப்பை நிறுக்கிறியளோ?"

"இல்லை... ஒரு அவசரத்துக்கு..."

"முதல் எவ்வளவு எண்டு கேளுங்கோ. பிறகு அழலாம்." சொல்லிவிட்டு இரண்டு காப்பையும் கழற்றி என் கையில் வைத்தாள். "கார் ஓடவேணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

காலையில் லாண்ட்மாஸ்ரர் வந்தது. மெக்கானிக் கியர்பெட்டி, கிளச், பெடல் எல்லாம் இறக்கினார். தரகர் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, தரவேண்டியதைத் தந்தால் நான் வெளிக்கிடுவன்."

சாரத்து மடிக்குள் கையை விட்டேன். காப்பு தட்டுப்பட்டது.

"எவ்வளவு அண்ணை?"

"எவ்வளவோ? ஒரு சேவல். மாமா சொல்லேல்லையோ? தரகுக்குச் சேவல் எண்டுதானே பேச்சு."

"அப்ப... கியர்பெட்டிக்கு?"

"அதுக்கென்ன? பொத்தின கையெண்டால் வெறுங்கைதானே. நீங்களும் குடுக்கிறதில்லை, அவரும் குடுக்கிறதில்லை. பெட்டிக்குப் பெட்டி."

"அவர் மூண்டு கேட்டாரே, நான் அஞ்சு கேட்டனே, அது மூண்டு என்ன அண்ணை? நூறோ, ஆயிரமோ?"

தரகர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது உங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சன்."

மெக்கானிக் காருக்குக் கீழே இருந்து தலையை நீட்டினார். "எனக்குத் தெரியாது. தரகருக்குத் தெரியும் எண்டு நினைச்சு நானும் பிடிச்சன்."

சேவலைத் துரத்திப் பிடிக்கக் குனிந்தபோது மடியில் இருந்த காப்பு இரண்டும் முற்றத்தில் விழுந்து உருண்டன. மாமா நாரியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர் காப்பைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனைவி வந்து பொறுக்கிக்கொண்டு போனாள், சிரிப்பை அடக்க வயிற்றைப் பிடித்தபடி.

வெட்கத்தை மறைக்க மெக்கானிக்கின் பக்கத்தில் குந்தினேன். "அண்ணை, எங்கடை பெட்டியை என்ன செய்யப்போறியள்? ஆரும் கேட்டு வந்தவையோ?"

"ஆர் கேக்கப் போகினம்? உருக்கப்போறன். நல்ல அலுமினியம். ரெண்டு இடியப்ப உரலும் மூண்டு சட்டியும் வரும்."

என் காணியில் கிணறு தூர்ந்தது. பலா சாய்ந்தது.

கார் பூட்டி முடிந்தது. சில கிழமை கழித்து ஒரு காலை, மாமி பால் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம், மனைவிக்குப் பிரசவ நோ கண்டது. அவளும் மாமியும் பின்சீற்றில் ஏறினார்கள். மாமா ஸ்ரியரிங்கில் இருந்தார். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ளினோம். பத்து யார் போகுமுன் மாமா கிளச்சை விட்டார். கார் இருமியது, பிடித்தது. நிறுத்தினால் திரும்ப எழும்பாது என்று மாமா என்னை ஏற்றக்கூட நிறுத்தவில்லை. நான் ஒரு செருப்போடு புகைக்குள் நின்றேன். பிறகு சைக்கிளை எடுத்தேன். நான் மந்திகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் பிறந்திருந்தாள். கார் வாசலில், மாமா அணைக்கத் துணியாதபடியால், இன்னும் ஓடிக்கொண்டு நின்றது.