புல்லுக்குப் போட்ட வலை

என் அப்பா அடம்பனில் வயல் செய்கிறவர். வாழ்நாள் முழுக்கப் புல்லுப் பிடுங்கியவர். விவசாயம் படித்த மகள் மன்னார்த் தீவில் ஒரு ஹோட்டலில் புல் வளர்க்கச் சம்பளம் வாங்கப்போகிறாள் என்று கேட்டதும், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது சாதாரணப் புல் இல்லை. ஹோட்டல் முதலாளி வெளிநாட்டில் இருந்தபோது கோல்ஃப் பழகியவர். கடற்கரையோரம் ஒரு குழி, ஒரு கொடி, சுற்றிவர லொறியில் வந்திறங்கிய புல். எனக்கு மூன்று மாதம் தகுதிகாண் காலம். அது முடியும்போது முதலாளி வருவார், புல்லைப் பார்ப்பார், என்னை வைத்திருப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்வார். வேலை கேட்டு எத்தனையோ கந்தோர்களின் படி ஏறி இறங்கிய பிறகு கிடைத்தது அது. விட எனக்கு மனமில்லை.

இரண்டாம் மாதம் கொக்கும் மைனாவும் வந்தன. விடிந்தால் போதும், புல்லைக் கொத்திக் கிளறின. கல்லெறிந்தேன், கத்தினேன், தகரம் தட்டினேன். தங்க வந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி கொக்கை விட்டுவிட்டு என்னைப் படம் பிடித்தார்கள்.

வாசலில் காவல் நின்ற அண்ணை முன்பு கடலுக்குப் போனவர். அவர்தான் வழி சொன்னார்.

"மிஸ், கருவாடு காயப்போட்டா காகத்துக்கு என்ன செய்யிறது? மேலால வலையைக் கட்டிவிடுறது. இதுக்கும் அதுதான்."

"கட்டுங்கோ அண்ணை, இண்டைக்கே கட்டுங்கோ!" என்றேன்.

வீட்டிலிருந்து தன் பழைய வலையைக் கொண்டுவந்து, தடி நட்டு, அழகாகக் கட்டினார். பறவைகள் ஒன்றும் கிட்ட வரவில்லை. புல் மட்டும் மஞ்சளாகிக்கொண்டே போனது. உப்புக்காற்று என்றேன். கண்ணூறு என்றார் சமையற்காரர்.

முதலாளி வருவதற்கு முதல் நாள்தான் என் மண்டைக்குள் படித்தது எட்டிப்பார்த்தது. ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, மஞ்சள் ஓரத்தில் ஊற்றிவிட்டுக் குந்தியிருந்தேன். ஐந்து நிமிடத்தில் பச்சைப் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன. ஐம்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணத் தைரியம் வரவில்லை. பறவைகள் வந்தது புல்லுக்கு இல்லை, புழுவுக்கு. அந்துப்பூச்சிகள் வலைக்கண்ணுக்குள்ளால் தாராளமாகப் போய் முட்டையிட, அவற்றின் பிள்ளைகளைக் கொக்குத் தின்னாமல் நாங்கள் காவல் காத்திருக்கிறோம். இதற்கு ஒரு படிப்பு, ஒரு சான்றிதழ்! என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

அடுத்த நாள் முதலாளியிடம் மறைக்காமல் சொன்னேன். அவருக்கு முன்னாலேயே சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இந்த வலையைப் போட்ட விசரன் ஆர்?"

அந்த நேரம் பார்த்து, கேற்றைப் பூட்டிவிட்டுக் காவல்கார அண்ணை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் புழுவையும் காணவில்லை, விசரன் என்ற ஏச்சும் அவர் காதில் விழவில்லை. முதலாளி வலையைக் காட்டியதை மட்டும் கண்டார். தூரத்திலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறந்தார். அண்ணைக்கு வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள்.

"நான்தான் சேர்," என்று முந்திக்கொண்டேன். "என்ர யோசனை. நான்தான் போடச் சொன்னனான்."

அண்ணையின் திறந்த வாய் அப்படியே நின்றது. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். உண்மையைச் சொன்னபடியால் வீட்டுக்கு அனுப்பவில்லை என்றும், தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீளும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி பார்த்தாயிற்று, இனி வலை தேவையில்லை என்று அண்ணைக்குச் சொல்லி அதைக் கழற்றினோம். மருந்து அடித்தால் பறவைகளுக்கும் ஆபத்து என்று, சோப்புத் தண்ணீரில் எழும்பிய புழுக்களைக் கையால் பொறுக்கினேன். மிச்சத்தைக் கொக்குகள் பார்த்துக்கொண்டன. ஆனால் அண்ணை என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். காலை வணக்கம் சொன்னால் கடலைப் பார்த்தார். நாலாம் நாள் தானே வந்தார்.

"மிஸ், வலை என்ர. யோசனையும் என்ர. சேருக்கு முன்னால உங்கட எண்டு சொல்லிப்போட்டியள். சரி, படிச்ச ஆக்கள் அப்பிடித்தான். ஆனா அதுக்கு உங்களுக்கு இன்னும் மூண்டு மாசம் வேலையும் தந்திட்டார். எனக்கு ஒரு தேத்தண்ணியாவது வாங்கித் தந்தனீங்களோ?"

விளக்கம் சொல்ல வாய் உன்னியது. சொன்னால், அவருடைய வலை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

"பிழைதான் அண்ணை. வாங்கோ, குடிப்பம்," என்றேன்.

இரண்டு தேத்தண்ணீரும் ஒரு வடையும் முடித்த பிறகுதான் என்னை மன்னித்தார்.