அக்காவின் வயிற்று நீர்

அக்காவின் வயிறு வீங்கத் தொடங்கியதும் அவள் படிப்பித்த பள்ளிக்கூடத்தில்தான் முதலில் கதை கிளம்பியது. அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கலியாணம் செய்யவில்லை. ஒருநாள் பின்னேரம் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு உள்ளே வந்தவள், "எனக்கு எத்தினை மாசமெண்டு ஆசிரியர் அறையிலை யோசிக்கினமாம்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உரும்பிராய் வீட்டில் அப்போது அக்கா, தங்கை நாங்கள் இரண்டு பேரும்தான். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். மூத்தவரான அண்ணை கனடாவில்.

அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. போரினால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. வயிற்றைப் படம் பிடித்துப் பார்க்கும் வசதி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் வயிற்றைத் திறந்துதான் பார்த்தார். முடிந்து வெளியே வந்தவர் கையைத் துடைத்தபடி நின்று சொன்னார்.

"ரெண்டு சூலகமும் பழுது. குடலிலையும் பரவியிட்டுது. எடுக்கக்கூடியதை எடுத்திருக்கிறன்."

பிறகு, "உமக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை," என்றார்.

தேவையிருக்கவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனத்தில் உதவி விரிவுரையாளராக இருந்தேன். அதே புற்றுநோய் கண்ட மற்றப் பெண்களின் கட்டிகளை, அதே மருத்துவரின் கையிலிருந்து, உப்புநீர்ப் போத்தலில் வாங்கிக்கொண்டு போவது இரண்டு வருடங்களாக என் வேலை. அவர்களின் உறவினர்கள் உட்கார்ந்திருக்கும் நீள மர வாங்கைக் கடந்துதான் போக வேண்டும். ஒருநாளும் அவர்களின் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது அந்த வாங்கிலிருந்து எழும்பி நின்றுதான் அவர் சொன்னதைக் கேட்டேன்.

எங்கள் ஆய்வைத் தொடங்கியவர் என் பேராசிரியர். வெளிநாட்டில் இருந்த காலத்தில் சிறுநீரகப் புற்றுநோயில் இதே வேலையைச் செய்தவர். இங்கே அப்படிப்பட்ட கட்டிகள் அதிகம் கிடைக்காதபடியால் சூலகத்துக்கு மாறினார். அவருடைய யோசனை இதுதான். புற்றுநோய் மருந்து நல்லது கெட்டது பார்க்காமல் உடம்பின் உயிர்க்கலங்கள் எல்லாவற்றையும் தாக்கும். ஆனால் உடம்பு கிருமியை எதிர்க்க உண்டாக்கும் பிறபொருளெதிரி, தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கும். கட்டியை முயலுக்கு ஊசியில் ஏற்றினால் முயலின் இரத்தத்தில் அந்தக் கட்டிக்கு எதிரானது உண்டாகும். அதைப் பிரித்தெடுத்து மருந்தை அதோடு ஒட்டிவிட்டால், மருந்து கட்டியிடம் மட்டும் போய்ச் சேரும்.

மருந்து, ஆசுபத்திரிக் குப்பிகளின் அடியில் மிஞ்சியது. சிவப்பு நிறம். ஒட்டுவதற்கு, சத்திரசிகிச்சை ஆயுதங்கள் ஊறவைக்கும் கிருமிநாசினி. ஒட்டியதையும் ஒட்டாததையும் பிரிக்க ஒரு நீண்ட கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீரில் ஊறிய நுண்ணிய மணிகளை நிரப்பி மேலேயிருந்து விடுவோம். அதற்கு மின்சாரம் வேண்டாம். சிவப்பு இரண்டாகப் பிரிந்து இறங்கும். முந்தி வருவதுதான் ஒட்டியது. முதன்முதலாக அது பிரிந்து இறங்கியதைக் கண்ட அன்று பேராசிரியர் வெளியே போய்க் காவலாளிக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

அக்காவுக்குக் கொழும்பிலிருந்து மருந்து எடுப்பித்தோம். கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்த ஒருவர் கொண்டுவந்து தந்தார். ஒரே ஒரு முறைக்குத்தான் இருந்தது. அது ஏறிய கிழமை முழுவதும் அவள் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். வயிறு கொஞ்சம் வற்றியது. அடுத்த முறைக்கானது வந்து சேரவில்லை. வயிறு திரும்பவும் நிறைந்தது. மூச்சு முட்டும்போது ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஊசி குத்தி நீரை வடிப்பார்கள். வைக்கோல் நிறம், சிலவேளை இரத்தம் கலந்திருக்கும்.

அப்படி வடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளிடம் கேட்டேன்.

"அக்கா, உந்தத் தண்ணியை நான் கொண்டு போகட்டோ?"

"உதையோ? எங்கை?"

"ஆய்வுகூடத்துக்கு. உதிலை நோய்க் கலங்கள் உயிரோடை மிதக்குது. எங்கடை மருந்தைப் போட்டுப் பாக்கலாம்."

"என்னை ஏன் கேக்கிறாய்? எனக்கு வேண்டாமெண்டுதானே எடுக்கினம்." போத்தலைப் பார்த்து, "மூடியை இறுக்கு. பையுக்கை ஊத்துப்படும்," என்றாள்.

போத்தலைச் சைக்கிள் கூடையில் வைத்து, அசையாமலிருக்க என் சால்வையைச் சுற்றி, பலாலி வீதியால் மிதித்தேன். சூடு ஆறவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சுற்றும்போது கையில் பட்டது. அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. பள்ளங்களைப் பார்த்து ஓட்டினேன்.

பேராசிரியர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆரின்ரை?"

"அக்கான்ரை, சேர்."

போத்தலை மெல்ல மேசையில் வைத்தார். "நீர் வீட்டை போம். நான் பாக்கிறன்."

"இல்லை சேர். நான்தான் செய்யோணும்."

அவர் மறிக்கவில்லை. கையால் சுழற்றும் இயந்திரத்தில் நீரைச் சுழற்றிக் கலங்களை அடியில் படியவிட்டேன். கழுவினேன். சில குழாய்களாகப் பிரித்தேன். ஒன்றுக்கு ஒன்றும் போடவில்லை. ஒன்றுக்கு வெறும் முயல் பிறபொருளெதிரி. ஒன்றுக்கு எங்கள் சிவப்பு மருந்து. ஒப்பிட என் கையில் குத்தி எடுத்த இரத்தத்தின் வெண்கலங்களுக்கும் அதே மருந்தைப் போட்டேன். எல்லாவற்றையும் உடம்புச் சூட்டில் வைத்திருக்க, இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்க்கில் இறக்கி வைத்தோம். தண்ணீர் ஆற ஆற மாற்ற வேண்டும். மாறி மாறி இருந்து மாற்றினோம்.

அடுத்த நாள் காலை வெயில் ஏறியதும் நுணுக்குக்காட்டியை யன்னலடிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியால் வெளிச்சத்தைப் பிடித்தேன். செத்த கலம் நீலச் சாயத்தை உறிஞ்சும், உயிருள்ளது உறிஞ்சாது. ஒன்றும் போடாத குழாயில் அக்காவின் கலங்கள் கொத்துக் கொத்தாக, தெளிவாக, நல்ல சுகமாக இருந்தன. வெறும் பிறபொருளெதிரி போட்டதிலும் அப்படித்தான். எங்கள் மருந்து போட்ட குழாயில் பெரும்பாலானவை நீலம். என்னுடைய இரத்தக் கலங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நீலம்.

பேராசிரியர் குனிந்து கனநேரம் பார்த்தார். நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிடிச்சிருக்கு," என்றார். "நல்லாப் பிடிச்சிருக்கு."

இரண்டு வருடங்களாக இதைத்தான் எதிர்பார்த்திருந்தோம். எனக்குப் பசித்தது. கொண்டுவந்த புட்டை அவிழ்த்து, அவருக்கும் கொஞ்சம் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அவர் தன் பங்கைச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அக்கா கட்டிலில் சாய்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போக முடியாவிட்டாலும் தாள்களை வீட்டுக்கு எடுப்பித்துத் திருத்துவாள்.

"என்னவாம் என்ரை தண்ணி?"

"மருந்து போட்டதிலை கனக்கச் செத்துப்போச்சு."

"உண்மையாவோ?"

"ஓம்."

தாளை மடியில் வைத்தாள். "அப்ப அதை எனக்கு ஏத்த ஏலாதோ?"

இந்தக் கேள்வி வருமென்று சைக்கிளில் வரும்போதே தெரியும். அதனால் குரல் மாறாமல் சொல்ல முடிந்தது. "ஏலாது அக்கா. அது முயலின்ரை புரதம். உன்ரை உடம்பு அதைப் பகையெண்டு நினைச்சுத் திருப்பி அடிக்கும், அதிலையே உயிர் போகலாம். சுத்தமும் காணாது. எங்களிட்டை இருக்கிறது ஒரு தேக்கரண்டியும் வராது."

"எப்ப ஏலும்?"

"பத்து வருசம், இருவது வருசம் எண்டு சேர் சொல்லுறார். வெளியிலை செய்தால்."

அவள் கணக்கு வாத்தியார். தலையை ஆட்டினாள். "அப்ப எனக்கில்லை."

"இல்லை."

"சரி. உந்தப் பேனையை எடு, கீழை விழுந்திட்டுது."

எடுத்துக் கொடுத்தேன். அவள் மிச்சத் தாள்களைத் திருத்தினாள். நான் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன். அன்றைக்கு அழுதிருக்கலாம் என்று பிறகு பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அழ ஒன்றும் வரவில்லை. விறகு ஈரமாக இருந்தது, ஊதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை நீர் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் போத்தலை அவளே ஞாபகப்படுத்துவாள். "கொண்டு போகேல்லையோ?" என்பாள். கொண்டுபோனேன். பலன் அதேதான்.

தொண்ணூற்றைந்து பங்குனியில், மத்தியானச் சோற்றை நான் வடித்துக்கொண்டிருந்த நேரம் அவள் போனாள். ஊர்ச் சனம் வந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லோரும் வந்தார்கள். முந்திக் கதைத்தவர்களும் வந்து அழுதார்கள். தூரத்து மாமி ஒருத்தி, "உவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை பார்," என்று யாருக்கோ சொன்னது கேட்டது. அந்த நேரத்தில் நான் மண்ணெண்ணெயில் ஓடும் ஆய்வுகூடக் குளிர்பெட்டிக்கு எண்ணெய் விடும் நாள் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து வேலைக்குப் போனேன். பேராசிரியர் எனக்காகக் காத்திருந்த மாதிரி எழும்பினார்.

"பிள்ளை, குளிர்பெட்டியுக்கை ஒரு போத்தல் கிடக்குது. கடைசியா நீர் கொண்டு வந்தது. உம்மைக் கேக்காமல் நான் தொடேல்லை."

"கலங்கள் செத்திருக்கும், சேர்."

"ஓம். செத்திட்டுது."

அவர் வெளியே போனார். நான் அதைத் தொட்டியில் ஊற்றினேன். வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றிப் போத்தலைக் கழுவினேன். போத்தல்களுக்குத் தட்டுப்பாடான காலம் அது. வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வருட ஐப்பசி முடிகிற நாட்களில், இராணுவம் நெருங்கிவர, எங்கள் வலிகாமத்துச் சனம் எல்லாம் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்குப் போனது. நானும் சனத்தோடு சனமாக மழையில் நடந்தேன். வருடக்கணக்காகச் செய்ததில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தபோது ஆய்வுகூடத்தில் கதவும் இருக்கவில்லை. பேராசிரியர் மகளோடு இருக்கப் போய்விட்டார். நான் படிப்பித்தலோடு நின்றுகொண்டேன்.

மிகப் பல வருடங்களின் பின், மருந்தைப் பிறபொருளெதிரியோடு ஒட்டிய ஊசி ஒன்று சூலகப் புற்றுநோய்க்கு வந்துவிட்டதாக வாசித்தேன். அண்ணை தொலைபேசியில் எடுத்தபோது சொன்னேன்.

"அவளுக்கு உது சரிவந்திருக்குமோ?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் சரிவராது. கலத்திலை அதுக்குரிய அடையாளம் இருக்கோணும். அவவுக்கு இருந்துதோ தெரியாது."

பிறகு, அங்கே காலையிலிருந்து பனி கொட்டுகிறது, காரை வெளியே எடுக்க முடியவில்லை என்றார். எவ்வளவு உயரத்துக்குக் கொட்டியிருக்கிறது என்று கேட்டேன். சொன்னார்.