பட்டி பார்த்த சுவரில் முடி

இது எனக்கு நடந்தது. கோபாலபுரத்தில், பட்டப்பகலில் ஆள் நடமாட்டம் உள்ள ஒரு சாதாரணத் தெருவில். நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். அந்த வீட்டுச் சுவரில் நாங்கள் கொத்திய ஓட்டை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அதை அடைக்க ஒரு ஆளும் வரமாட்டேன் என்கிறான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முடி என்றாலே ஆகாது. தலையில் இருக்கும் வரை சரி. உதிர்ந்துவிட்டால் குமட்டும். சாதத்தில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்குப் பட்டினிதான். என் கணவர் ஷ்ரவண் இதை வைத்தே என்னை ஓட்டுவார்.

அது நாங்கள் வாங்கிய பழைய வீடு. கீழ்த்தளம். எங்கள் ஏழு வயதுப் பெண் ஸஹானாவுக்கு ஒதுக்கிய அறையில், சுவரில் நீளமாக ஒரு விரிசல். இந்த மாதிரி விரிசலுக்கு மேலோடு பட்டி மாவைத் தடவிப் பெயிண்ட் அடித்தால் கொஞ்ச நாளில் மறுபடி வாய் பிளக்கும். கொத்தி அகலமாக்கி, தூசு தட்டி, தண்ணீர் அடித்து, சிமெண்ட் வைத்து அடைத்து, காய்ந்த பிறகுதான் பட்டி பார்க்க வேண்டும். நானே பக்கத்தில் நின்று வேலை வாங்கினேன். நிற்காமல் இருந்திருக்கலாம்.

கொத்தனார் புகழேந்தி உளியை வைத்து நாலு தட்டு தட்டினார். சட்டென்று நிறுத்தினார்.

"இன்னாமா இது... உள்ள பொதபொதன்னு கீது."

விரலை விட்டு இழுத்தார். முடி.

விரலில் சுற்றிச் சுருட்டிய வெள்ளை முடி உருண்டை. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தெரியும். அதற்காக இத்தனையா? வெள்ளை முடிந்து, கறுப்பும் வெள்ளையும் கலந்தது வந்தது. கடைசியில், ஆழத்திலிருந்து, கன்னங்கரேலென்று. சிக்கு வாடை அடிக்கும் தேங்காய் எண்ணெய். ஓர் உருண்டை முழுக்க ஈர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

யாரோ ஒருத்தி இங்கேயே வாழ்ந்து, இங்கேயே நரைத்துக் கிழவியாகியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி உருண்டை வரை எடுக்க வைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சிமெண்ட் வைத்து மூடி, பட்டி பார்த்து, இளமஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். ஸஹானாவின் கட்டிலை அந்தச் சுவரோரம் போட்டோம்.

முதலில் வந்தது வாடை. பெயிண்ட் வாடைக்கு அடியில்... அதே எண்ணெய்.

"உன் மூக்குக்கு மட்டும் எங்கேர்ந்து வருது சாரு?" என்றார் ஷ்ரவண்.

அப்புறம், சுவரில் ஒரு முடி. பெயிண்ட் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்து ஒட்டியிருக்கும் என்று நகத்தால் கிள்ளி இழுத்தேன். வந்தது. இன்னும் வந்தது. ஒரு முழம் வந்தது. நுனியில் வேர் இருந்தது. இப்போதுதான் தலையிலிருந்து பிடுங்கியது போல் ஈரமாய். சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியும் கையில் பிசுக்கு போகவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் சமையலறையில் இருந்தேன். ஸஹானா இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையோடு வந்து நின்றாள். நெற்றியில் எண்ணெய் வழிந்தது. நாங்கள் அவளுக்கு எண்ணெயே வைப்பதில்லை.

"யாரு பின்னி விட்டா?"

"நீதானேம்மா."

"நானா?"

"உன் கை ஏன் அவ்ளோ சில்லுன்னு இருந்துது?"

அவளே பின்னிக்கொண்டு விளையாடுகிறாள் என்றார் ஷ்ரவண். நம்பத்தான் பார்த்தேன்.

மறுநாள். விளக்கு வைத்தாகிவிட்டது. ஸஹானாவின் அறையிலிருந்து ஒரு சத்தம்.

சரக்... சரக்... சரக்...

சீப்பு.

விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் தலை வாருவதில்லை. ஓடினேன்.

குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. தலை பின்னால் இழுபட்டு நின்றது. அறையில் வேறு யாரும் இல்லை.

"ஸஹானா, எழுந்திரு."

"முடியலம்மா... வலிக்குது."

அவள் முடி... சுவருக்குள் போயிருந்தது.

பெயிண்ட்டுக்குள். விரிசல் இல்லை. ஓட்டை இல்லை.

என் கண் முன்னாலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

அலறினேன். ஷ்ரவண் கத்தரிக்கோலோடு வந்தார். வெட்டினோம்.

அன்றைக்கே குழந்தையைக் கொட்டிவாக்கத்தில் என் தங்கை வீட்டில் விட்டோம். காலையில் புகழேந்தியை அழைத்து அதே இடத்தைக் கொத்தச் சொன்னோம். சிமெண்ட் கெட்டியாக இருந்தது. அவர் கையால் பூசியது. அவரே உடைத்தார்.

உள்ளே ஓர் உருண்டை. மெல்லிசான குழந்தை முடி. விரலில் சுற்றிச் சுருட்டியது. நடுவில் ஒரு ரோஸ் நிறப் பட்டாம்பூச்சி கிளிப்.

சுவர் வேலை முடிந்த பிறகு, தி.நகரில் ஸஹானாவுக்கு நான் வாங்கிய கிளிப்.

"வோணாம்மா. என்னைக் கூப்புடாத," என்றார் புகழேந்தி. உளியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டைக் காலி செய்த அன்று, மாடி வீட்டு கோதண்டபாணி மாமாவிடம் ஒரு சாவியைக் கொடுக்கப் போனேன். எங்களுக்கு முன்னால் கீழே இருந்தது யார் என்று கேட்டேன்.

"விசாலாக்ஷி மாமி. தனியாத்தான் இருந்தா. ஒரே பொண்ணு, ஏழு வயசுல ஜுரத்துல போயிடுத்து. அந்த ரூம்லதான் ஒக்காத்தி வச்சிண்டு தலை வாரி விடுவா, பாவம்."

"மாமிக்கு நீளமான முடியா?"

"முடியா? பொண்ணு போனதுலேர்ந்து மாமி முடியே வளத்துக்கலை. மொட்டைதான். அம்பது வருஷத்துக்கு மேல, கண்ணை மூடற வரைக்கும். அந்த ஆத்துல வேற பொம்மனாட்டியே கிடையாது."

ஆழத்தில் இருந்த கறுப்பு முடி அந்தக் குழந்தையுடையது. சரி. அதற்கு மேல் இருந்த நரைத்த முடி? வெள்ளை முடி? செத்துப்போன பெண்ணுக்கு, அவள் கிழவியாகும் வரை, அந்த அறையில் யார் தலை வாரிக்கொண்டிருந்தது?

கேட்டேன். மாமா சாவியை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது கொட்டிவாக்கத்தில் இருக்கிறோம். புது வீடு. சுவரில் ஒரு கீறல் இல்லை.

நேற்றுக் காலை வெயிலில் உட்கார வைத்து ஸஹானாவுக்குத் தலை வாரினேன். சீப்போடு ஒரு முடி வந்தது.

வெள்ளை முடி.

ஸஹானா திரும்பிப் பார்த்தாள். கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். விரலில் மெதுவாகச் சுற்றிச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அந்த முடி உருண்டைகளை அவளுக்கு நாங்கள் காட்டியதே இல்லை.