துக்க மணி அடித்த கை

மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்தால் தேங்காய் நாரும் பல பேர் வியர்வையும் கலந்த ஒரு நாற்றம் அடிக்கும். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் அந்த நாற்றம்தான் வருகிறது, பயம் பின்னால்தான் வருகிறது.

ஏலாக்குறிச்சி பஸ் போகும் வழியிலுள்ள எங்கள் ஊர் மாதா கோவிலுக்குப் பங்குச் சாமியார் மாதம் இருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் எங்களை மேய்த்தது உபதேசியாரான என் அப்பா: பூசைக்கு வராதவன் வீட்டில் போய் உட்காருவது, முறைத்துக்கொண்ட புருஷன் பெண்சாதியைச் சேர்த்துவைப்பது, சாகக் கிடப்பவர் காதில் ஜெபம் சொல்வது எல்லாம் அவர் பாடு.

குவாரியின் சுண்ணாம்புத் தூசியில் நெஞ்சு கெட்டுக் கிடந்த பக்கத்து வீட்டுச் சவரிமுத்து பெரியப்பாவுக்கு ஒரே ஆசைதான் மிச்சம், "அவஸ்தை பூசுதல்". சாமியார் கையால் நெற்றியில் எண்ணெய் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு காலையில் அப்பா சாமியாரை அழைத்துவரக் கிளம்பினார். பதினொரு வயது எனக்கு. "பக்கத்துலயே உக்காந்து ஜெபம் சொல்லிக்கிட்டிரு. மூச்சு நின்னுட்டா மட்டும் போயி மணி அடி. நல்லாப் பாத்துட்டு அடி" என்றார்.

நன்றாகத்தான் பார்த்தேன். பெரியம்மா கஞ்சி எடுக்க அடுப்படிக்குப் போன நேரம், பெரியப்பாவின் வாய் திறந்தது, கண் செருகியது, இரைப்பு நின்றது. என் மூச்சும் நின்றது. ஓடினேன், கழன்ற செருப்புக்குக்கூட நிற்காத வீரனாக ஓடி, கயிற்றைப் பிடித்து, விட்டுவிட்டு ஒற்றை ஒற்றையாகத் துக்க மணியை அடித்துத் தீர்த்தேன்.

திரும்பி வந்தால் பெரியப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குடா மணி?"

"மூவேளை ஜெப மணி, பெரியப்பா."

"அது மும்மூணால்ல அடிக்கும். இது ஒத்தையா அடிச்சுது." கஞ்சியை இன்னொரு மடக்கு குடித்தார். "சரி வுடு. சாமியார் வந்துட்டாரா?"

அதற்குள் மாரடித்துக்கொண்டு வந்த பெண்கள் வாசலில் அப்படியே நின்றார்கள். "எந்த எடுபட்ட பய அடிச்சான்?" என்றாள் ஒருத்தி.

சாமியார் வரவில்லை. அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் வந்தவர், வாய்க்கால் பாலத்தில் மணியைக் கேட்டிருக்கிறார். "முடிஞ்சிருச்சு உபதேசியாரே. செத்தவருக்குப் பூச முடியாது" என்று அப்பாவை இறக்கிவிட்டு, வேறு ஊர்க் கல்யாணப் பூசைக்குத் திரும்பிவிட்டார். அப்பாவும் நம்பினார். அடித்தது அவர் மகனல்லவா! நடந்து வந்து பார்த்து, யாருடைய சைக்கிளையோ வாங்கி மறுபடி மிதித்து, சாமியாரோடு திரும்புவதற்குள், பெரியப்பா வாசலைப் பார்த்தபடியே போய்விட்டார்.

அடுத்த பூசையில் சாமியார், மணி அடித்தது யார் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அப்பா எழுந்து, "நாந்தான் சாமி அவசரப்பட்டு அடிக்கச் சொல்லிட்டேன்" என்றார். பூசை உதவிக்குப் பீடத்தருகே சாம்பிராணிப் புகைக்குள் நின்ற நான், பேச வேண்டிய இடத்தில் இருமினேன். அடுத்த மாதம் உபதேசியார் வேலை போயிற்று.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. வாழ்நாளெல்லாம் ஒரே கேலிதான்: "நான் போனா நீ மணிக்கயித்தத் தொட்டுராதடா. கஞ்சி குடிச்சிக்கிட்டிருப்பேன்."

இப்போது சாவுச் செய்தி வாட்சப்பில் வருகிறது. நான் இரண்டு பேரிடம் விசாரிக்காமல் இரங்கல் போடுவதில்லை. ஊரில் உபதேசியார் இல்லை. பூசைக்கு வராதவன் வீட்டுக்கு யாரும் போவதுமில்லை. போன வருடம் அப்பா போனபோது, அரை மணி நேரம் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கோவிலுக்கு ஓடினேன். தொடுவதற்குக் கயிறே இல்லை; சுவரில் மின்சார மணிக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. போட்டேன்.

மூவேளை ஜெபத்துக்குப் போல மும்மூன்றாக அடித்தது.