இல்லாத மருந்துக்குப் பத்தியம்

என் தம்பிக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது துபாய் போவதற்கான மெடிக்கலில்தான் தெரிந்தது. அதோடு விசா போனது. விராலிமலையில் ஒரு டூவீலர் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தான். தினம் ஒரு மாத்திரை. அது கிருமியை அடக்கி வைக்கும், அடியோடு ஒழிக்காது. ஆயுசுக்கும் போட வேண்டும்.

அதே கிருமிக்கு எதிராகப் புதிய சேர்மங்களைச் செய்து பார்ப்பதுதான் திருச்சி ஆய்வுக்கூடத்தில் என் வேலை. இதை ஊரில் சாமி செயல் என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சாமி செயல் என்றால் ஒன்றாவது வேலை செய்திருக்க வேண்டாமா? நான் செய்யும் பொடிகளில் பாதி தண்ணீரில் கரையவே கரையாது. கரைந்ததைக் கிருமி ஏற்றிய ஈரல் செல்களில் விட்டால், கிருமி அது பாட்டுக்கு இருக்கும்.

போன கோடையில் ஒரு பொடி கிருமியை ஏறக்குறைய முழுதாக நிறுத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து, "ஒண்ணு நல்லா வந்திருக்கு, இன்னும் சோதிக்கணும்" என்றேன். பின்பாதி வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை.

ஐப்பசியில் அடுத்த சோதனை, கிருமியே இல்லாத நல்ல ஈரல் செல்களில். அத்தனையும் செத்துக் கிடந்தன. வீட்டைக் கொளுத்தினால் கரையானும் சாகத்தான் செய்யும். அந்தப் பொடியைக் கழித்துவிட்டோம். அந்த வாரமே அம்மா கூப்பிட்டாள். தம்பிக்குக் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"மாத்திரையை எப்ப நிறுத்தினாரு?" என்று டாக்டர் கேட்டார். நிறுத்தவே இல்லை என்று நான் சண்டைக்குப் போனேன். தம்பிதான் மெதுவாகச் சொன்னான்.

"நீ போன் பண்ணதுலேர்ந்துக்கா. ரெண்டு மருந்தும் ஒண்ணா சேரக் கூடாதுல்ல. ஒன் மருந்து வர்றதுக்குள்ள ஒடம்பைச் சுத்தமா வச்சிருப்போம்னு விட்டுட்டேன். மீனு, கத்திரிக்கா, புளி எதையும் தொடலை."

எங்கள் பக்கம் நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் பழைய மாத்திரையை விட்டுவிட்டு இப்படித்தான் பத்தியம் இருப்பார்கள். என் பொடிக்கும் இருந்திருக்கிறான். ஆத்திரத்தில் அவனை அறைந்துவிடலாம் போல இருந்தது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

டாக்டர் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். இனி ஈரல் தாங்காது என்பதை என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

நான் உள்ளே போய் அவன் கட்டிலில் உட்கார்ந்தேன். "அந்த மருந்து ஆகலைடா. ஈரலையும் சேத்துக் கொல்லுது."

"அப்ப வராதா?"

"வராது."

"அப்பன்னா பத்தியத்தை விட்டுறலாமாக்கா? அம்மாகிட்ட மீன் கொழம்பு வைக்கச் சொல்லு."

சொன்னேன். மறுநாள் அம்மா விரால் வாங்கிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். அவனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.